சம்பளமில்லாத உத்தியோகம்

“இதிலே உங்களுக்கு என்னதான் கெடைக்குது?” என்ற கேள்வியை எங்கள் தேவதானப்பட்டியில் மிக அதிகமாகக் கேட்டுக்கொண்டவர் யாரென்று என்னை வினவினால், பெரியகுளத்து மாங்காய் மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மாலைப் பேருந்தில் ஊர் திரும்பியதும் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே கைப்பந்துத் திடலுக்கு வந்துவிடும் ஒரு மனிதரைத்தான் சொல்லுவேன். எங்களில் எவருக்கும் அவர் உறவல்லர். ஆயினும் திடலுக்கு வந்த பையன்கள் எல்லோருக்கும் அவர் மாமா. கேட்டவர்களில் சிலர் அக்கறையினால் கேட்டார்கள், சிலர் ஏளனமாகக் கேட்டார்கள், அவருடைய மைத்துனர் கோபமாகவே கேட்டார், அனைவருக்கும் அவரிடம் இருந்த விடை ஒன்றுதான்: “பிளாடருக்கு ஒட்டுப் போடுற வேலை கெடைக்குதே மாப்பிள்ளை, அது போதாதா?”

தேனி என்றொரு மாவட்டம் பிறக்காமல், கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்த 1960-களைப் பற்றிச் சொல்லுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், வடக்கே கொடைக்கானல் மலையும் சுற்றிலும் மாந்தோப்புகளுமாக அமைந்த எங்கள் ஊரில், மஞ்சளாற்றை நோக்கிப் போகும் பாதையோரத்துப் புறம்போக்கில் இரண்டு மரக்கம்பங்கள் நட்டு ஒரு வலையைக் கட்டியிருந்தோம் என்பதைத் தவிர, விளையாட்டுக் கழகம் என்று சொல்லிக்கொள்ளத் தக்க சொத்து எங்களுக்கு இருக்கவில்லை. மாதச் சந்தா நாலணா. நயாபைசா வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டபோதிலும் நாலணா என்றுதான் கேட்போம், நாலணா என்றுதான் பாக்கி சொல்வார்கள். தரையைக் கூட்டுவது, புழுதி எழாமல் தண்ணீர் தெளிப்பது, கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவது, அறுந்த வலையை நூல்கயிற்றால் முடிவது, தோல்பந்தின் வாரை அவிழ்த்து உள்ளே இருக்கும் பிளாடரை வெளியே எடுத்து ஒட்டுப் போட்டு மறுபடியும் காற்றடைத்து வாரை இறுக்குவது, விசில் ஊதுவது, சச்சரவு வந்தால் தீர்ப்பது, சந்தாக் கணக்கை எழுதி வைப்பது ஆகிய சகல காரியங்களையும் அவர் ஒருவரே செய்தார். அவ்வளவுக்கும் பிறகு பொழுது மிச்சமிருந்தால், ஆள் குறைந்த அணியில் பின்வரிசையில் போய் நின்றுகொள்வார்.

அவர் நல்ல ஆட்டக்காரர் அல்லர். அவர் போடும் சர்வீஸ் வலையைத் தாண்டினால் நாங்கள் கைதட்டுவோம்; அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். சித்திரை வைகாசியில் மண்டியில் மாங்காய் வரத்து மிகுந்து, கணக்கு முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிடுகிற நாட்களில் திடலில் விளையாட்டே முடிந்திருக்கும் என்று தெரிந்தும், கம்பங்களைத் தொட்டுப் பார்த்து வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒரு காரியத்தில் திறமை பெறாமலே அதன்மீது இத்தனை சிரத்தை கொள்ள ஒரு மனிதருக்கு முடியும் என்பது, திறமைக்கும் சிரத்தைக்கும் இடையிலுள்ள பேதத்தை அறியாத வயதில் இருந்த எங்களுக்கு விளங்காத விஷயமாக இருந்தது.

நான் அந்தக் கழகத்தின் கௌரவச் செயலாளர். அந்தப் பதவியைப் பொறித்துச் செய்வித்த ரப்பர் முத்திரைக்கு ஆன செலவு அந்த மாதச் சந்தாவை முழுமையாக விழுங்கிவிட்டது என்பதையும், அந்த முத்திரையைக் குத்தி அனுப்புவதற்கு எங்களிடம் வருஷத்தில் ஒன்றிரண்டு கடிதங்களுக்கு மேல் இருந்ததில்லை என்பதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூலியில்லாத உத்தியோகத்துக்குக் கௌரவம் என்ற அடைமொழியைக் கொடுத்து ஈடு செய்துகொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. கௌரவ மாஜிஸ்திரேட், கௌரவத் தலைவர், கௌரவ ஆலோசகர் என்று பெயருக்கு முன்னால் ஒரு கௌரவத்தை மாட்டிக்கொண்ட பிரமுகர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எந்த அடைமொழியும் இல்லாமல் அத்தனை வேலைகளையும் செய்தவர் மாமா.

ஆனால் அந்தத் திடலைப் பற்றி இனிமையானவற்றை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட என் மனம் இசையவில்லை. கம்பங்கள் நட்ட இடம் ஊர்ப் பொதுப் புறம்போக்கு, சந்தா நாலணா, எவரும் வரலாம் என்று வாயால் சொன்னோம். நடைமுறையிலோ, காலனியிலிருந்து வந்த இளைஞர்கள் கோட்டுக்கு வெளியே நின்று, தூரப் போய் விழும் பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தின் தையல் பிரிந்தபோதெல்லாம் அதைத் தைத்துக் கொடுத்தவர் காலனியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளி. அவர் கைபட்ட பந்து தடையின்றிக் களத்துக்குள் வந்தது, அவருடைய மகன் வெளியே நின்றான். அந்தப் பையன் நின்ற இடத்திலிருந்து குதித்தால் முழங்கை வலைக்கு மேலே தெரியும் என்பதை நாங்கள் அனைவரும் அறிவோம். அறிந்தும், பணத்துக்காக ஆடாமல் ஆட்டத்தின் மீதுள்ள பிரியத்தினால் ஆடுகிறவர்கள் நாங்கள் என்ற பெருமிதத்துக்கு அதனால் யாதொரு பங்கமும் நேர்ந்ததாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பெருமிதமும் இந்தப் பாராமுகமும் ஒன்றாகச் சேர்ந்தே வளர்ந்தவை என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹென்லியில் நடைபெறும் படகுப் போட்டிக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த விதி, பந்தயப் பணம் வாங்கியவனை மட்டும் விலக்கவில்லை. கைத்தொழில் செய்து கூலி வாங்குகிற கம்மியனையும் கொத்தனையும் தொழிலாளியையுமே அமெச்சூர் அல்ல என்று ஒதுக்கி வைத்தது. 1920-இல் அமெரிக்கரான ஜான் கெல்லி அங்கே துடுப்புப் போட விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டார். அவர் ஒரு காலத்தில் செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். அந்த விதி 1937-இல் நீக்கப்பட்ட பிறகு, 1947-இல் அவருடைய மகன் அதே ஹென்லியில் வென்றான். கிரிக்கெட்டிலோ ஜென்டில்மென் ஒரு கட்சி, பிளேயர்ஸ் ஒரு கட்சி என்று பிரித்து, ஊதியம் வாங்காத கனவானுக்கு இனிஷியலைப் பெயருக்கு முன்னாலும், ஊதியம் வாங்கும் ஆட்டக்காரனுக்குப் பின்னாலும் அச்சிட்டு, மைதானத்துக்குள் இறங்குவதற்கு இருவருக்கும் தனித்தனி வாசல்கள்கூட வைத்திருந்தார்கள். 1962-இல்தான் இந்தப் பிரிவினை ஒழிந்தது. ஜிம் தோர்ப்பின் கதை இன்னும் துயரமானது. அமெரிக்கப் பழங்குடியினத்தில் பிறந்த அந்த மகாவீரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் வென்ற பிறகு, அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகக் கோடைக்காலத்தில் சொற்பச் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்று கண்டுபிடித்துப் பதக்கங்களைப் பறித்தார்கள். 1953-இல் அவர் காலமானார். 1983-இல்தான் மாற்றுப் பதக்கங்கள் அவர் குடும்பத்தாரிடம் சேர்ந்தன. அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவரே என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொள்ள 2022-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. பசிக்காதவன் விதித்த விரதத்தைப் பசித்தவன் மீறினான் என்பதே இந்தக் குற்றப்பத்திரிகைகளின் சாரம்.

எங்கள் திடலுக்கு விதிப்புத்தகம் இல்லை. ஆகையால் அதை மாற்றுவதற்குக் கூட்டம் போடவும் தேவை இருக்கவில்லை. பெரியகுளம் வட்டாரத்தில் நடந்த ஒரு போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தபோது, மாமா என்னிடம் காகிதத்தை வாங்கி, ஆறு பெயர்களில் நாலாவதாகச் செருப்புத் தொழிலாளியின் மகனுடைய பெயரை எழுதி, “முத்திரையைக் குத்துப்பா, கௌரவம்” என்றார். மறுநாளே இரண்டு பேர் கழகத்தை விட்டு விலகினார்கள். அவர்களில் ஒருவருடைய தகப்பனார் மண்டி முதலாளிக்கு வேண்டியவர் என்பதால், மாமாவின் உத்தியோகத்துக்கே ஆபத்து வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒருவரையும் சமாதானப்படுத்தப் போகவில்லை. விலகியவர்களின் பெயரைச் சந்தாப் புத்தகத்தில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அந்த மாதத்து எட்டணாக் குறைவைத் தம் கையிலிருந்து போட்டுக் கணக்கை நேர் செய்தார். அந்தப் போட்டியில் நாங்கள் தோற்றோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் அடித்த ஷாட்டுகளுக்கு ஏற்ப லிஃப்ட் போட்டுக் கொடுக்கும் ஆள் எங்களிடம் இருக்கவில்லை.

அந்த இளைஞன் பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அதன் அணியில் பல ஆண்டுகள் ஆடினான். ஆட்டத்துக்காகச் சம்பளம் வாங்குபவன் என்ற கணக்கில் பார்த்தால் அவன் தொழில்முறை ஆட்டக்காரன். எங்களைப் போன்ற கனவான்களின் அணியில் அவனுக்கு இடமில்லை என்று பழைய விதிகள் சொல்லியிருக்கும். ஆனால் விடுமுறையில் ஊருக்கு வந்தால், புதுச் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக் களத்தைக் கூட்டியவன் அவன் ஒருவனே. ஒரு காசும் பெறாமல் ஆடிய நாங்கள் கரையில் அமர்ந்து அவன் கூட்டி முடிக்கக் காத்திருந்தோம். அமெச்சூர் தன்மை என்பது மடியில் காசு இருக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் சங்கதியன்று என்ற எண்ணம் எனக்குள் ஊன்றியது அப்போதுதான். ஆட்டத்தின் பராமரிப்பில் ஒரு பங்கைத் தன்னிச்சையாகத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறவன் எவனோ அவன் அமெச்சூர். சம்பளம் வாங்கினாலும் அவன் அமெச்சூர்தான். கோடு போடுவது யார் என்று கேளாமல் வந்து ஆடிவிட்டுப் போகிறவன், இலவசமாகவே ஆடினாலும், ஒரு வாடிக்கையாளன்.

அந்நாளில் எங்களுக்கு ஆதர்சமாக விளங்கியவர் டென்னிஸ் ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணன். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதிவரை சென்று, முதலாண்டு நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றவர். அவரை வென்ற இருவருமே அந்தந்த ஆண்டில் பட்டத்தை அடைந்தார்கள். தொழில்முறை டென்னிஸ் குழுவை நடத்திய ஜாக் கிராமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தபோது அவர் மறுத்தார். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு அக்கால விதிப்படி அவருக்கு இல்லாமல் போயிருக்கும். 1966-இல் அவர் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிச்சுற்றை எட்டியபோது, டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் கண்டிராத எங்கள் ஊர் டீக்கடையில் அதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. லேவரோ 1962-இன் இறுதியில் தொழில்முறைக்குப் போய், அதன் காரணமாக ஐந்தாண்டுகள் விம்பிள்டன் பட்டத்துக்கு ஆட இயலாமல் இருந்து, 1968-இல் எல்லோருக்கும் கதவு திறந்தவுடன் வந்து மீண்டும் வென்றார். இவர்களில் எவர் ஆட்டத்தை அதிகமாக நேசித்தார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. டீக்கடையில் அன்று துணிவுள்ளவர்கள் பலர் இருந்தார்கள். கிருஷ்ணனுடைய மறுப்பை இன்றளவும் நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த மறுப்பை அவர்மீது நிர்ப்பந்தமாகச் சுமத்திய விதியை மதிக்கக் காரணம் ஏதும் எனக்குத் தென்படவில்லை. அந்த விதி ஆட்சி செலுத்திய காலத்தில், செலவுத்தொகை என்ற பெயரில் மறைவாகப் பணம் கைமாறியதும் உலகறிந்த விஷயம்.

கோடையில் பெரியகுளத்துக்குப் போய்க் கூடைப்பந்து பார்ப்பது எங்களுக்கு ஒரு யாத்திரை. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திவரும் அகில இந்தியப் போட்டி அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது; பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக இன்றும் மே மாதந்தோறும் நடைபெறுகிறது. இந்தியக் கடற்படை, விமானப்படை, வங்கிகள், மின்வாரியங்கள் என்று தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் அணிகள், மாம்பழ வாசனை மிகுந்த அந்தச் சிறு நகரத்துக்கு வந்து, விளக்கொளியில் ஆடுகின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்தில் பெயர் பதிந்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். பழைய கனவான்களின் கண்ணுக்கு அவர்கள் ஒருவரும் அமெச்சூர் அல்லர். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கில் ஆடுகிறவர்களின் கண்ணுக்கோ இவர்கள் தொழில்முறையினரும் அல்லர். சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கம் 1989-இல் தன் கதவுகளைத் தொழில்முறையினருக்குத் திறந்துவிட்டு, 1992-இல் பார்சிலோனாவில் கோடீஸ்வரர்கள் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பிறகும், பெரியகுளத்துக்காரர்கள் தங்கள் கோடைக்காலப் போட்டியை நிறுத்தவில்லை.

அந்த ஆட்டங்களில் நான் அதிகமாகக் கவனித்தது ஆட்டக்காரர்களை அல்ல. நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கி, பாஷை தெரியாத வடநாட்டு இளைஞனுக்குச் சப்பாத்தி எங்கே கிடைக்கும் என்று அலைந்து, ஆட்டம் தொடங்குமுன் தரையைத் துடைத்து, எல்லாம் முடிந்தபின் ஒலிபெருக்கிக்காரனுக்குக் கணக்குத் தீர்க்கும் உள்ளூர் மனிதர்களைத்தான். பகலில் கடையும் தோப்பும் அலுவலகமும் பார்த்துவிட்டு இரவில் இந்தச் சுமையை எடுத்துக்கொள்கிற இப்படிப்பட்டவர்கள் நாலு பேர் இல்லாத ஊரில், எத்தனை பெரிய ஸ்டேடியம் கட்டினாலும் அதில் புல் முளைக்கும்.

நாடகத்திலும் அமெச்சூர், தொழில்முறை என்ற இதே வழக்கு இருந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலுக்கு அதனால் ஒரு மரியாதை பிறந்தது என்பது உண்மை. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கியது போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், வயிற்றுச் சோற்றுக்காகச் சேர்ந்த ஏழைச் சிறுவர்களிடமிருந்தே தமிழ் மேடையின் பெரிய நடிகர்கள் உருவானார்கள் என்பதும் உண்மை. மரியாதை ஒரு வாசலாலும் கலை மற்றொரு வாசலாலும் வந்தன.

பொதுவாழ்வுக்கு வருகிறேன். மாமாவுக்குத் திடல் ஒன்றே பொறுப்பாக இருக்கவில்லை. பத்திரிகைகள் போடும் படிப்பகம் ஒன்றின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் முதலாவதாக, நிறைவேறி ஊர்ஊராக நூலகங்கள் பரவத் தொடங்கியபோதிலும், அரசாங்கத்தின் கை எட்டாத தெருக்களில் இப்படிப்பட்ட படிப்பகங்களே எங்களை வாசகர்களாக்கின. இலவச சேவையின் மகிமையைப் பேச ஆரம்பித்தால், நம் பக்கத்துப் பெரியவர்கள் உடனே குடிமராமத்தை எடுத்துக்காட்டுவார்கள்: வாய்க்காலில் தண்ணீர் விடுமுன் ஊரார் ஒன்றுகூடித் தூர்வாரிய பொற்காலம் என்பார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நிலத்தின் அளவுக்கேற்ப வீட்டுக்கு இத்தனை ஆள் என்று அனுப்பியது பட்டாதாரர். மண்வெட்டியோடு சேற்றில் இறங்கியது அவர் ஏவிய பண்ணையாள். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்று குறிக்கப்படும் கூலியில்லா உழைப்பும், வழக்கத்தால் வராத ஆளைச் சட்டத்தால் வரவழைக்க 1858-இல் சென்னை மாகாணத்துக்காகக் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டமும் இந்தப் பொற்காலத்தைச் சேர்ந்தவையே. மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் இல்லாதவன் கூலியின்றிச் செய்த வேலையைச் சேவை என்று போற்றுவது, வேலை வாங்கியவனுக்கு மட்டுமே சௌகரியமான புகழ்ச்சி.

ஊதியமில்லாத பதவியும் இப்படித்தான். குடவோலை முறைக்குப் பேர்போன உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியப் பெருமக்களாகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரியிறுக்கும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டுமென்று விதிக்கின்றன. ஒரு முறை வாரியம் செய்தவர் அடுத்த மூன்றாண்டுகளுக்கு வரலாகாது என்றும் விதிக்கின்றன. இரண்டாவது விதியை நான் வியந்து போற்றுகிறேன், ஏனெனில் அதிகாரத்தைத் தொழிலாக்கிக்கொள்ளாமல் தடுப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழியைப் பின்வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை; முதலாவது விதியோ ஹென்லி விதிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் 1911-இல் வந்தது. தொழிலாளியும் சபைக்குள் வருவதற்கு அது வேண்டும் என்று சார்ட்டிஸ்டுகள் 1838-லேயே கேட்டிருந்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோரிக்கை வெளியிலேயே நின்றது.

ஊதியமில்லாத பதவிக்கு நேர்மாறான உதாரணமும் எங்கள் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. முல்லைப் பெரியாற்றில் அணை கட்டி, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிய கர்னல் பென்னிகுயிக், சம்பளம் வாங்கிய அரசாங்க எஞ்சினீயர். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அந்த வேலை அவருடைய உத்தியோகக் கடமை. ஆனாலும் அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாளில், அந்த நீரால் விளைந்த நெல்லில் பொங்கல் வைத்து, லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை சாத்திக் கும்பிடுகிறார்கள் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள். சம்பளத்துக்கு உட்பட்ட அளவு எது, அதற்கு அப்பால் அவர் கொடுத்தது எது என்று அவர்கள் தனியே பிரித்துப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் திறவாத கதவுக்கு முன்னால் நின்று வழிபட்டுப் பழகியவர்களுக்கு, பிரதிபலன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்கும் வழக்கம் கொஞ்சம் குறைவுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இப்போது காலம் மாறிவிட்டது. 2014-இல் புரோ கபடி லீக் வந்தபிறகு, கிராமத்து மண்ணில் சடுகுடு பாடிய பையன்கள் லட்சக்கணக்கில் ஏலம் போகிறார்கள். தேசியச் சங்கம் அமெச்சூர் என்ற அடைமொழியை இன்னும் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்க, அதன் கீழ் வளர்ந்தவர்களைத் தொலைக்காட்சியில் விலை பேசுகிறார்கள். இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்து முப்பது வயதில் வீட்டில் உட்கார்ந்த எத்தனையோ கபடி வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கக்கூடக் காசில்லாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். எனக்குச் சங்கடமாக இருப்பது வேறு. மாதக் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெறும் சிறுவர்கள், வலை தொய்ந்திருந்தால் இழுத்துக் கட்டாமல், அதைக் கட்டுகிறவர் வரட்டும் என்று கைகட்டி நிற்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டணத்தில் அதுவும் அடங்கியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா காலமாகி நெடுநாளாகிவிட்டது. சமீபத்தில் திடலை இப்போது வைத்து நடத்தும் இளைஞர்கள், களத்தைப் பராமரிக்க மாதச் சம்பளத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிப்பதற்குக் கூட்டம் கூட்டி, பழைய கௌரவச் செயலாளன் என்ற முறையில் என்னையும் அழைத்தார்கள். வயதானவர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். மாமா பெயரைச் சொல்லியே ஆட்சேபித்தார்கள். அவர் காசு வாங்கினாரா, இன்றைக்கு மட்டும் ஏன் என்றார்கள்.

எனக்கோ அப்போது மாமாவின் மனைவியான அத்தையின் ஞாபகம் வந்தது. வெளியூர் அணி வந்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்து, இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்தவர் அவர். நோட்டீஸில் நன்கொடையாளர் பெயரும் நடுவர் பெயரும் அச்சான இடத்தில் அவர் பெயர் ஒரு நாளும் அச்சாகவில்லை. மாமா இறந்த பிற்பாடு ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போனபோது, “இந்த ஊர்ல விளையாட்டு வளர்ந்ததுக்கு நீங்களும் ஒரு காரணம், அத்தை” என்று மனதார எண்ணித்தான் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அது கெடக்கட்டும்யா. ஒங்க மாமா பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாக. அரிசி இருக்கான்னு ஒரு நாளாச்சும் கேட்டாகளா? நீங்களாச்சும் கேட்டீகளா?” என்றார்.

அதைக் கூட்டத்தில் அப்படியே எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் சலசலப்பு இருந்தது. ஆட்சேபித்தவர்களில் ஒருவர், பெண்பிள்ளைகள் பேச்சை இங்கே எதற்கு இழுக்கிறாய் என்று என்மீது கோபித்துக்கொண்டார். சம்பளத்துக்கு ஆள் வைப்பதென்றும், வெளியூர் அணிகளுக்குச் சமைப்பவருக்கும் கூலி கொடுத்துவிடுவதென்றும், சனிக்கிழமை தோறும் கழக உறுப்பினர்களே முறை வைத்துக் களத்தைக் கூட்டிக் கோடு போடுவதென்றும் முடிவாயிற்று. கடைசி ஷரத்து நான் சேர்க்கச் சொன்னது. முறைப்பட்டியலில் முதல் சனிக்கிழமைக்கு என் பெயரைப் போட்டார்கள். இடுப்பு வலியைக் காரணமாகச் சொல்லி, துடைப்பத்தை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கயிறு பிடிக்கும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.